'ஃபேர்' என்னும் ஒரு சொல்

(ஆம்பூரில் தோல் தொழிலாளரும் மற்றவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. "கூட்டம் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, வேலை முடிந்து களைத்து வந்தவர்களை உட்கார வைத்து, இங்கிலீஷ் பாடமா நடத்தப் போகிறார்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பாடம் நடத்தும் யோக்கியதை நமக்குக் கிடையாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்ததுதான் நம்முடைய படிப்பு. ஆனால் இந்த வார்த்தை உங்கள் கூலியில் இருக்கிறது. நீங்கள் வாங்கும் அரிசியில் இருக்கிறது. உழவனுடைய குத்தகையில் இருக்கிறது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் இருக்கிறது. உங்கள் பிள்ளையின் மார்க்குச் சீட்டில்கூட இருக்கிறது. இத்தனை இடத்தில் நம்மைத் தொடுகிற ஒரு வார்த்தையை "அது அன்னிய பாஷை, நமக்கென்ன?" என்று தள்ளிவிட முடியாது.

அந்த வார்த்தை 'ஃபேர்' என்பது. நம்மவர் வாயில் அது 'பேர்' என்றுதான் வரும். அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. போகப் போக, நம்மவர் உச்சரிப்புத்தான் பொருத்தம் என்று சொல்லும்படியான இடமும் ஒன்று வரப்போகிறது.

முதலில் இரண்டு பேரை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுவோம். பஸ்ஸில் கண்டக்டர் கேட்கிற 'ஃபேர்' வேறு. காதுக்கு ஒன்றுபோல் பட்டாலும் அதற்கு எழுத்து வேறு. பிரயாணம் போதல் என்ற பழைய வினைச்சொல்லிலிருந்து வந்தது அது. சென்னையில் வருஷந்தோறும் தோல் வியாபாரிகள் கூடும் 'லெதர் ஃபேர்' இருக்கிறதே, அது எழுத்தில் நம்முடைய சொல்லைப் போலவே இருந்தாலும் பிறப்பில் வேறு. லத்தீன் பாஷையில் திருவிழா நாளைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது வந்தது. திருவிழாவுக்குக் கூட்டம் வரும். கூட்டம் வந்த இடத்தில் கடை முளைக்கும். கடைசியில் விழாவின் பேரே சந்தைக்குப் பேராய்விட்டது. சாமியின் பேரால் ஆள் சேர்த்துச் சரக்கு விற்கும் வித்தை நம்மூருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தவர்கள் அந்தப் பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

மீதி இருப்பது, ஒரு பொருளுக்கு முன்னால் நின்று அது எப்படிப்பட்டது என்று சொல்லுகிற அடைமொழி. அதுதான் நமது விஷயம்.

ஒரு மனிதன் எப்படிப்பட்டவன் என்று தெரிய வேண்டுமானால் அவனுடைய விரோதி யார் என்று பார் என்பார்கள். சொல்லுக்கும் அதுவே பரீட்சை. இந்த 'ஃபேர்' என்பதற்கு எத்தனை விரோதிகள் பாருங்கள். மனிதர் நிறத்தைப் பற்றிப் பேசும்போது இதற்கு எதிர் 'டார்க்', அதாவது கறுப்பு. புயலும் மழையும் இல்லாத நல்ல நாளை 'ஃபேர்' என்கிறபோது இதற்கு எதிர் 'ஃபவுல்'. விளையாட்டிலும் அதே 'ஃபவுல்'தான். நம் பையன்கள் பந்தாடும்போது கத்துகிறார்களே, அது. கச்சேரியில் குமாஸ்தா அடித்தல் திருத்தல் இல்லாமல் எடுத்தெழுதும் பிரதி 'ஃபேர்'. அதற்கு எதிர் 'ரஃப்'. வேட்டைக்காரன் பேச்சில், தடையில்லாமல் சுடலாம் என்று விடப்பட்ட பிராணிக்கு 'ஃபேர் கேம்' என்று பேர். அங்கே அந்த மானுக்கு என்ன நியாயம் கிடைத்தது என்று மானைத்தான் கேட்க வேண்டும். நீதி பேசும் இடத்தில் இதற்கு எதிர் 'அன்ஃபேர்', அதாவது அநியாயம். இன்னும் ஒன்று பாக்கி. பள்ளிக்கூடத்து மார்க்குச் சீட்டில் 'குட்' என்பதற்குக் கீழே, 'பூர்' என்பதற்கு மேலே 'ஃபேர்' என்று எழுதுவார்கள். அங்கே அதற்கு அர்த்தம் 'சுமார்', 'பரவாயில்லை' என்பதே. இந்தச் சுமாரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதனிடம் பிறகு வருவோம்.

ஒரே சொல்லுக்கு அழகு, வெளுப்பு, தெளிவு, நீதி, சுமார் என்று இத்தனை முகம் எப்படி வந்தது? ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷில் இதற்கு அழகானது, இனியது என்பதே அர்த்தம். அதிலிருந்து இரண்டு கிளை பிரிந்தது. அழகு என்றால் எது அழகு என்ற கேள்வி வந்தபோது, அந்தக் குளிர் நாட்டுக்காரர் தங்கள் வெளுத்த தோலையும் மஞ்சள் மயிரையுமே அழகென்று வைத்துக்கொண்டார்கள். அது ஒரு கிளை. அழகு என்றால் கறையில்லாதது, மாசில்லாதது என்று கொண்டு, மாசில்லாத நடத்தை, பக்ஷபாதம் இல்லாத தீர்ப்பு என்று போனது இன்னொரு கிளை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "பார்த்தீர்களா? வெள்ளைக்காரன் வெளுப்புக்கும் நீதிக்கும் ஒரே சொல்லை வைத்தான், வெளுப்புத்தான் நீதி என்பது அவன் கொள்கை" என்று நம் தோழர்களிலேயே சிலர் மேடையில் பேசுகிறார்கள். கைதட்டல் கிடைக்கும், ஆனால் உண்மை அப்படியல்ல. நீதி என்ற அர்த்தம் வெளுப்பு என்ற அர்த்தத்தின் வயிற்றில் பிறக்கவில்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள், அவ்வளவுதான். 'அன்ஃபேர்' என்றால் கறுப்பு என்று இன்று எந்த இங்கிலீஷ்காரனும் பொருள் கொள்வதில்லை. புராணக்காரனைப் பொய் சொல்லுகிறான் என்று கேட்கிற நாம், நமக்குச் சாதகமாய் இருக்கிறதென்று இன்னொரு பொய்யைத் தூக்கிக்கொண்டு திரியலாமா?

நம் பாஷையும் நிறத்தை இப்படிக் கலந்துதான் வைத்திருக்கிறது. 'செம்மை' என்றால் சிவப்பும் ஆகும், நேர்மையும் ஆகும். 'செங்கோல்' என்றால் சிவப்புக் கம்பு என்று யாரும் சொல்வதில்லை. ஏனெனில் அதற்கு எதிர் 'கொடுங்கோல்'. கொடு என்றால் வளைந்தது. எனவே செங்கோல் நேரான கோல். நாம் சொன்ன விரோதிப் பரீட்சை தமிழிலும் பலிக்கிறதல்லவா? கள்ளமில்லாதவனை 'வெள்ளை மனசு' என்கிறோம். கணக்கில் காட்டாத பணம் 'கறுப்புப் பணம்'. வேலைநிறுத்தத்தில் தோழர்களைக் காட்டிக்கொடுத்து உள்ளே போகிறவனை 'கருங்காலி' என்கிறோம். இங்கிலீஷ்காரனும் அவனுக்குக் 'கறுப்புக்கால்' என்று பொருள்படும்படியே பேர் வைத்திருக்கிறான். கறுத்த கால்களோடு வெயிலில் நின்று மறியல் செய்பவர்கள், உள்ளே போகிறவனைத் திட்டுவதற்கும் கறுப்பைத்தான் தேட வேண்டியிருக்கிறது! வடமொழியில் 'வர்ணம்' என்றால் நிறம். நாலு ஜாதிக் கட்டுக்கும் அதுவே பேர். அது தோல் நிறத்தைக் குறித்ததா, வெறும் அடையாள நிறத்தைக் குறித்ததா என்று பண்டிதர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவர்கள் வாதாடட்டும். வாதம் எப்படி முடிந்தாலும், தோலைத் தொட்டு வேலை செய்கிறவனை எந்த வரிசையில் நிறுத்தினார்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஒரு வேடிக்கையையும் பாருங்கள். உங்கள் தெருவில் மேய்கிற ஆடு கன்னங்கரேலென்று இருந்தாலும் அதற்குப் பேர் 'வெள்ளாடு'. எந்தக் கறுப்பு வெள்ளாடும் தன் பேரைக் கேட்டு இறுமாந்து போனதாகவோ, வெளுப்புத் தைலம் தேடிப் போனதாகவோ நாம் கேள்விப்பட்டதில்லை. அந்தப் பைத்தியம் மனிதனுக்கு மட்டுமே பிடித்திருக்கிறது.

தோலின் நிறம் என்ன என்பதை ஆம்பூர்க்காரனுக்கு இன்னொருவர் வந்து சொல்ல வேண்டியதில்லை. உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலில் கறுப்பும் இருக்கும், வெள்ளையும் இருக்கும், செம்பட்டையும் இருக்கும். ஊற வைத்து, சுண்ணாம்பில் போட்டு எடுத்து, மயிரைக் கழித்து, கத்தியால் வழித்த பிறகு, எது கறுப்பாட்டுத் தோல், எது வெள்ளையாட்டுத் தோல் என்று சொல்லச் சொன்னால் அனுபவஸ்தர்களும் விழிப்பார்கள். ஏன்? நிறம் என்பது மேலே கிடக்கும் மெல்லிய படலத்திலும் மயிரிலுமே இருக்கிறது. சுண்ணாம்பு அந்தப் படலத்தைத் தின்றுவிடுகிறது. செருப்பாகவும் பையாகவும் ஆகிறதும், காசு கொடுத்து வாங்கப்படுகிறதும், உழைக்கிறதும் அதற்கு அடியில் இருக்கும் கனத்த தோல்தான். குரோம் உப்புப் போட்டு உருட்டினால் எல்லாத் தோலும் ஒரே நீலமாகிவிடுகிறது. காலண்டரில் கிருஷ்ணனுக்குப் பூசுகிறார்களே, கிட்டத்தட்ட அந்த நீலம். முன்காலத்து ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும் என்று கடுக்காய் போட்டு அதைத் தடுத்தார்கள். ஆக, செத்த தோலுக்கு நிறம் கொடுப்பதும் எடுப்பதும் உங்கள் கைத்தொழில்.

உயிருள்ள மனிதத் தோலிலும் சங்கதி இதுவே. நிறம் கொடுக்கும் அணுக்கள் கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அவை உண்டாக்கும் 'மெலனின்' என்னும் பொருள் சிலருக்கு அதிகம், சிலருக்குக் குறைவு. சூரியனுடைய புற ஊதாக் கதிர் உள்ளே போய்க் கெடுதல் செய்யாமல் தடுக்கும் குடை அது. வெயில் கொளுத்தும் இந்தப் பாலாற்றுச் சீமையில் குடை இல்லாமல் பிறந்தவன் பாக்கியவானா, குடையோடு பிறந்தவன் பாக்கியவானா என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்காததனால்தான் கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூவைக் கரைத்துக் கொடுத்து, பிள்ளை சிவப்பாய்ப் பிறக்கும் என்று காத்திருக்கிறார்கள். தாயும் தகப்பனும் கொடுத்த பாரம்பரியப்படி பிள்ளையின் நிறம் அமைகிறதே ஒழிய, பூவைக் கரைத்துக் குடித்தால் அது வயிற்றில் ஜீரணமாகிப் போகுமே தவிர, பிள்ளைக்குச் சாயம் ஏற்றாது. வீண் செலவோடு போனால்கூடத் தொலையட்டும் என்று விடலாம். இரும்புச் சத்து மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தூக்கி எறிகிற பெண்களும் இருக்கிறார்கள். ரத்தம் குறைந்து, பிரசவத்தில் உயிர் போகிற அபாயத்தை இந்த நிறப் பைத்தியம் உண்டாக்குகிறது. தாய்மார்களே! இதைப் பக்கத்து வீட்டிலும் போய்ச் சொல்லுங்கள்.

இந்தப் பைத்தியத்தை வியாபாரி கண்டுகொள்ளாமல் இருப்பானா? 1975-இல் ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியார் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று ஒரு களிம்பை நம் நாட்டில் விற்கத் தொடங்கினார்கள். நம் பெண்கள் 'பேர் அண்ட் லவ்லி' என்று கேட்டு வாங்கினார்கள். கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது. இதைப் பூசினால் இரண்டும் கிடைக்கும் என்று விளம்பரம் காட்டினார்கள். 2005-இல் இமாமி கம்பெனியார் ஆண்களுக்கென்று தனியாக ஒன்று கொண்டுவந்தார்கள். பைத்தியத்திலாவது ஆண் பெண் சமத்துவம் வந்துவிட்டது! கறுத்த நிறத்தைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று விளம்பரக்காரர்களின் சொந்தச் சபையே 2014-இல் விதி செய்ய வேண்டியதாயிற்று. 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பரைப் போலீஸ்காரன் கழுத்தில் முழங்காலை அழுத்திக் கொன்றான். உலகமெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அந்தச் சூடு இங்கேயும் தட்டிய பிறகே 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ' என்று போட்டார்கள். நாற்பத்தைந்து வருஷமாக நம் பெண்கள் பட்ட அவமானம் நகர்த்தாததை, கடல் கடந்து ஒரு சாவு நகர்த்திற்று. அப்போதும் மாறியது பேர்தான். கறுப்பைக் குறையென்று நினைக்கிற புத்தி பழைய டப்பாவிலேயே இருக்கிறது.

இதைவிட மோசமான களிம்புகளும் இருக்கின்றன. எவன் செய்தான், எதில் செய்தான் என்று தெரியாமல் வரும் சில வெளுப்புக் களிம்புகளில் பாதரசம் கலக்கிறார்கள். பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். அதோடு தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தில் மலப்புரம் மாவட்டத்து வைத்தியர்கள் 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒருவகைச் சிறுநீரக வியாதி வந்தவர்கள் 22 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே மாதிரிக் கோளாறு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். முகத்தை வெளுக்க வைக்கப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டார்கள்.

கலியாண விளம்பரத்தைப் படியுங்கள். 'ஃபேர்' பெண் வேண்டும் என்பான். அது முடியாவிட்டால் 'கோதுமை நிறம்' என்பான். மூன்று வேளையும் அரிசி தின்கிறவன் பெண்ணுக்கு மட்டும் கோதுமையைத் தேடுகிறான்! தமிழில் சொல்லும்போது 'சிவப்பான பெண்' என்போம். இதையே ஒரு வெள்ளைக்காரனிடம் அப்படியே இங்கிலீஷில் சொன்னால், பெண்ணுக்கு ஏதோ காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வான். நம் நாட்டில் கும்பிடுகிற ராமனும் கிருஷ்ணனும் காளியும் சாஸ்திரப்படியே கறுப்பு. கோவிலில் அந்தக் கருமேனியைப் பாடிப் பாடி உருகிவிட்டு, வீட்டுக்கு வந்து மருமகள் கறுப்பென்று வரதக்ஷணையில் இன்னும் ஐந்து பவுன் ஏற்றிக் கேட்கிறான். கும்பிடச் சொல்லி நாம் சொல்லமாட்டோம். கல்லுக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியை அந்தப் பெண்ணுக்குக் கொடு என்றுதான் கேட்கிறோம்.

தோலை விட்டு இனிக் கூலிக்கு வருவோம். நாம் இன்று இந்த வார்த்தையை எடுத்துக்கொண்டதற்கு முக்கியமான காரணம் இங்கேதான் இருக்கிறது.

1947 டிசம்பரில் முதலாளி, தொழிலாளி, சர்க்கார் மூன்று தரப்பும் கூடி, சண்டையை நிறுத்தி உற்பத்தியைப் பெருக்குவது என்று தீர்மானம் செய்தார்கள். அதை ஒட்டி 1948-இல் ஒரு கமிட்டி போட்டார்கள். 'ஃபேர் வேஜஸ்' கமிட்டி என்று அதற்குப் பேர். தமிழில் நியாயக் கூலிக் கமிட்டி என்றார்கள். 1949-இல் அறிக்கை வந்தது. அந்த அறிக்கை கூலியை மூன்று படியாகப் பிரித்தது. கீழ்ப்படி குறைந்தபட்சக் கூலி: உயிரோடு இருக்கவும், வேலை செய்யும் சக்தி குன்றாமல் இருக்கவும், கொஞ்சம் படிப்பு, வைத்தியம், வசதிக்கும் போதுமானது. மேல்படி வாழ்க்கைக் கூலி: தொழிலாளியும் குடும்பமும் உண்டு உடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, வியாதிக்கும் முதுமைக்கும் பயப்படாமல், நாலு பேர் மத்தியில் கண்ணியமாக வாழப் போதுமானது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'ஃபேர்' கூலி. அது எதுவரை உயரலாம்? அந்தத் தொழிலின் கொடுக்கும் சக்தி வரை.

தோழர்களே, நன்றாக யோசியுங்கள். 'ஃபேர்' என்பதற்கு நியாயம் என்று அர்த்தமானால், நியாயத்துக்கு மேலே இன்னொரு படி எப்படி இருக்க முடியும்? ஒருவனுக்கு நியாயம் முழுவதும் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவன் கண்ணியமாக வாழ முடியாது என்றால், அது என்ன நியாயம்? விஷயம் என்னவென்றால், இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற 'ஃபேர்' கோர்ட்டில் இருக்கும் 'ஃபேர்' அல்ல. நாம் ஞாபகத்தில் வைக்கச் சொன்னோமே, மார்க்குச் சீட்டில் 'பூர்' என்பதற்கு மேலேயும் 'குட்' என்பதற்குக் கீழேயும் இருக்கும் 'ஃபேர்', அந்தச் சுமார்தான் இது. சுமாரான கூலிக்கு நியாயக் கூலி என்று பேர் வைத்தார்கள். இப்போது நம்மவர் உச்சரிப்பைப் பாருங்கள்: பேர் கூலி! பேருக்கு ஒரு கூலி! இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பை எந்தப் பண்டிதன் செய்வான்?

கமிட்டியில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. அன்றைய நிலையில் அவர்கள் கீழ்ப்படிக்கு மேலே ஒரு படியைக் காட்டினார்கள். நாடு வளர வளர அது மேல்படியை நோக்கி நகரவேண்டும் என்றே நினைத்தார்கள். ஆனால் நடந்ததென்ன? 1950-இல் நியாயக் கூலி மசோதா ஒன்று கொண்டுவந்தார்கள். அது சட்டமாகாமலே காலாவதியாயிற்று. வாழ்க்கைக் கூலி அரசியல் சட்டத்தின் 43-ஆவது பிரிவில் போய் உட்கார்ந்தது. அந்தப் பிரிவு சர்க்கார் முயல வேண்டிய லட்சியம். கோர்ட்டில் போய்க் கேட்டு வாங்கும் உரிமை அல்ல. கையில் கிடைத்தது கீழ்ப்படி ஒன்றே. 1948-ஆம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் அட்டவணையில் டேனரியும் தோல் சாமான் தொழிலும் ஆரம்பத்திலேயே பேர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தன. 2019-இல் அந்தச் சட்டத்தை வேறு மூன்று சட்டங்களோடு சேர்த்து ஒரே தொகுப்பாகச் செய்தார்கள். மேல்படியும் நடுப்படியும் அறிக்கைக்குள்ளே இருக்க, தொழிலாளி இன்றும் கீழ்ப்படிக்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான்.

உழவனுடைய 'ஃபேர்' இன்னும் விசித்திரமானது. 1956-இல் நம் ராஜ்யத்தில் நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. நன்செயில் 100 மூட்டை விளைந்தால் நிலக்காரனுக்கு 40 மூட்டை நியாயம் என்றார்கள். பிறகு சட்டத்தைத் திருத்தி 25 மூட்டைதான் நியாயம் என்றார்கள். நல்ல காரியந்தான். ஆனால் 25 நியாயமென்றால் அதற்கு முன் வருஷாவருஷம் அளந்த 15 மூட்டைக்குப் பேர் என்ன? நியாயம் வானத்திலிருந்து விழுந்த அளவுகோல் அல்ல என்பதும், உழவர்கள் சேர்ந்து நின்று கேட்டால் 40 கூட 25 ஆகும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

ரேஷன் கடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். போர்டில் நியாய விலைக் கடை என்று எழுதியிருக்கும்; யாரும் அப்படிச் சொல்வதில்லை. 2011 ஜூன் முதல் அரிசிக் கார்டுக்கு அரிசியை விலையில்லாமலே கொடுக்கிறார்கள். விலையே இல்லாத அரிசிக்கு நியாய விலை என்று போர்டு தொங்குகிறது. தொங்கிவிட்டுப் போகட்டும், அரிசி நல்லதாக இருந்தால் சரி.

பாலாற்றுக்கு வருவோம். நிலம் எடுக்கிறவர்களுக்கு 2013-இல் மத்திய சர்க்கார் செய்த சட்டத்தின் தலைப்பிலேயே 'ஃபேர்' நஷ்ட ஈடு என்று போட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் நிலத்தை யாரும் எடுக்காமலே நிலம் போயிற்று. டேனரிக் கழிவு கிணற்றிலும் வயலிலும் இறங்கிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. கெடுத்தவன் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அதன்படி ஏற்பட்ட அதிகார சபை 2001 மார்ச்சில் 29,193 பேருக்கு 26 கோடியே 82 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு என்று நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள்: சராசரி ஒருவருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட கிணற்றுக்கு அதுதான் விலை. அதுவும் எல்லாருக்கும் போய்ச் சேராமல், 2025 ஜனவரியில் மறுபடியும் உச்சநீதிமன்றம், பாக்கிப் பேருக்கு ஆறு வாரத்துக்குள் சர்க்கார் கொடுத்துவிட்டு, கெடுத்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட வேண்டி வந்தது. டேனரியை மூடு என்று சொல்ல நாம் வரவில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு அடுப்பு எரிவது அதனால்தான். கிணறு இழந்த உழவனும், கழிவுத் தொட்டியில் இறங்கும் தொழிலாளியும் ஒரே குடும்பத்தில் அண்ணன் தம்பியாக இருக்கிற ஊர் இது. அவர்கள் இருவரையும் சண்டைக்கு விட்டுவிட்டு, நடுவில் நின்று 'நியாயமான தொகை' என்று பேசுகிறவனிடத்தில் ஜாக்கிரதை வேண்டும் என்பதே நாம் சொல்வது.

இந்தச் சொல்லைக் கையாளுகிற வழக்கத்தில் ஒரு ஒழுங்கு இருப்பது உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். பெண்ணிடம் வந்தால் வெளுப்பு என்ற அர்த்தத்தை நீட்டிக் களிம்பு விற்கிறார்கள். தொழிலாளியிடம் வந்தால் சுமார் என்ற அர்த்தத்தில் அளந்துவிட்டு, நியாயம் என்ற அர்த்தத்தில் ரசீது வாங்குகிறார்கள். எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்பதைத் தீர்மானிக்கிற உரிமை மட்டும் நம்மிடம் விடப்படுவதில்லை.

இப்போது வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனிகள் சரக்கு வாங்கும் தொழிற்சாலைகளில், தொழிலாளரை எப்படி நடத்த வேண்டும் என்று ஒழுங்கு விதிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். அதில் 'ஃபேர்' என்ற சொல் எங்கேயாவது இருந்தால், படித்த பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டு, "தம்பி, இந்த இடத்தில் இதற்கு எதிர்ச்சொல் எது?" என்று கேளுங்கள். அன்ஃபேர் என்று சொன்னால், அநியாயம் எது எது என்று பட்டியல் எழுதிக் கேளுங்கள். குட் என்று சொன்னால், அந்த 'குட்' எவ்வளவு ரூபாய் என்று கேளுங்கள். சங்கத்தார் இன்னொரு காரியமும் செய்யலாம். சம்பளச் சீட்டைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். அதில் நியாயமான, தகுந்த, உரிய என்ற அடைமொழி ஒன்றும் வேண்டாம். எத்தனை நாள், எத்தனை ஜோடி, ஜோடிக்கு எத்தனை ரூபாய், மிகை நேரம் எத்தனை மணி, பிடித்தது எவ்வளவு, எதற்காகப் பிடித்தது என்று இலக்கத்தில் எழுதினால் போதும். செருப்புத் தைக்கிற பெண்கள் முதலில் கேட்க வேண்டும். இந்தத் தொழிலில் அவர்கள்தான் அதிகம், சீட்டைப் படிக்காமல் கையெழுத்துப் போட வைக்கப்படுகிறவர்களும் அவர்களே.

நேரம் ஆகிவிட்டது; காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். சந்தேகம் உள்ளவர்கள் இப்போது எழுந்து கேட்கலாம். கூட்டத்தில் கேட்கக் கூச்சப்படுகிற தாய்மார்கள் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினாலும் பதில் சொல்லுகிறோம்.